புதுப்பிப்பு: ட்ரவுட் முகாம், போய் வந்தாயிற்று

நுவரெலியா மலைப்பக்கம் ஓர் ஒதுக்குப்புற ஏரிக்கரையில் இரண்டு இரவு தங்கி ட்ரவுட் பிடிக்கலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். போய்வந்தோம். இரண்டே மீன்கள், இரண்டும் மச்சானுக்கு!

தவறு என்னுடையதுதான். வெள்ளவத்தைக் கடற்கரைப் பழக்கத்தில் காலை பத்து மணிக்குச் சாவகாசமாகத் தூண்டில் போட்டேன். ட்ரவுட் குளிர்நீர் மீன். மேல்நீர் சூடேறினால் ஆழத்துக்கு இறங்கிவிடும். மச்சானோ விடியுமுன் எழுந்து, ஓடை ஏரியில் விழும் இடத்தில் ஸ்பின்னரை (நீரில் சுழலும் போலி இரை) மெல்ல இழுத்திருக்கிறான். ஓடும் நீரில் ஒட்சிசன் அதிகம், இரையும் அங்கேதான் அடித்து வரும்.

கம்பளி எதற்கு என்று கேட்டவனும் நானே. நுவரெலியா நகரமே 1,868 மீற்றர் உயரம். இரவு முழுக்கப் பல் கிட்டியது. அடுத்த முறை மூன்று இரவு, கம்பளியோடு.