இடது சேனல் மட்டும் பிசிறடிக்குது, எந்த பார்ட் மாத்தணும்?

ஒத்தைக்காது:
ஸ்டீரியோ ஆம்ப். இடது பக்கம் மட்டும் பாட்டு பிசிறடிக்குது, வலது பக்கம் சுத்தமா இருக்கு. ஸ்பீக்கர்ல பிரச்சினை இல்ல. எந்த பார்ட் போயிருக்கும்? நாளைக்குள்ள வேணும், ப்ளீஸ்.

சால்டர்புகை:
ஸ்பீக்கர்ல பிரச்சினை இல்லைன்னு எதை வச்சுச் சொல்றீங்க? ரெண்டு ஸ்பீக்கரையும் இடம் மாத்திப் போட்டுப் பாத்தீங்களா? அதே மாதிரி பின்னாடி இன்புட் ஒயரையும் இடது வலது மாத்திக் குத்திப் பாருங்க. பிசிறு வலதுக்குத் தாவினா ஆம்ப் மேல பழி இல்ல, ஒயரோ பிளேயரோதான். ஐசி செட்டா, டிரான்சிஸ்டரா? சத்தம் ஏத்தினா பிசிறா, இறக்கினா பிசிறா?

மைக்ரோஃபாரட்:
கெப்பாசிட்டர். யோசிக்கவே வேணாம். பழைய செட்ல எலக்ட்ரோலிட்டிக் எல்லாம் காஞ்சிருக்கும். பவர் சப்ளைல இருக்கிற பெரிய ரெண்டுல ஆரம்பிச்சு மொத்தத்தையும் மாத்திடுங்க.

மில்லிவோல்ட்:
பெரிய ரெண்டும் இரண்டு சேனலுக்கும் பொது. அவை காய்ந்தால் இரண்டு பக்கமும் ஹம், அதாவது ‘ம்ம்’ என்ற இரைச்சல், கேட்கும். ஒரு பக்கம் மட்டும் கெடாது. இதைக்கூட யோசிக்காமல் ஆலோசனை சொல்ல வந்துவிடுகிறார்கள். கேள்வி கேட்டவரும் மாடல், அளவு எதுவும் தரவில்லை. இங்கே வைத்தியம் பார்க்கலாம், ஜோசியம் பார்க்க முடியாது.

மைக்ரோஃபாரட்:
தனித்தனி டிரான்ஸ்ஃபார்மர், தனித்தனி சப்ளை வச்ச செட்டும் இருக்கு சார். நீங்க பாத்ததில்ல போல.

ஒத்தைக்காது:
மன்னிக்கணும், அவசரத்துல விட்டுட்டேன். டிரான்சிஸ்டர் செட். சேனலுக்கு ஒரு ஜோடி அவுட்புட் டிரான்சிஸ்டர், 5200, 1943. டிரான்ஸ்ஃபார்மர் ஒண்ணுதான். ஸ்பீக்கர், இன்புட் ரெண்டும் மாத்திப் போட்டாச்சு, பிசிறு இடதை விட்டு நகரல. சத்தம் கம்மியா வச்சாதான் மோசம். ஏத்தினா அவ்வளவா தெரியல.

சால்டர்புகை:
இதைத்தாங்க முதல்லயே சொல்லணும்! சத்தம் குறைச்சா பிசிறு, ஏத்தினா மறையுதுன்னா முக்கியமா ரெண்டே பேர் மேலதான் சந்தேகம். ஒண்ணு ஸ்பீக்கர் ரிலே, அதாவது ஸ்பீக்கருக்குப் போற லைனை மூடித் திறக்கிற சுவிட்ச். இன்னொண்ணு பயாஸ்.

ரிலேராஜா:
ரிலேதான். காண்டாக்ட் கறுத்துப் போனா சின்ன சிக்னல் தாண்டாது, சத்தம் ஏத்தினதும் உடைச்சுக்கிட்டுப் போயிடும். மூடியைக் கழட்டி உப்புத்தாள்ல ரெண்டு இழு இழுங்க, முடிஞ்சது.

மில்லிவோல்ட்:
உப்புத்தாளா? காண்டாக்ட் மேல் இருக்கும் வெள்ளிப் பூச்சைச் சுரண்டிவிட்டால் சில மாதத்தில் முன்னைவிட மோசமாகக் கறுக்கும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த வெள்ளைத்தாளைக் காண்டாக்ட் நடுவே வைத்து, மெல்ல அழுத்தியபடி உருவி எடுக்க வேண்டும். அதிலும் தீரவில்லை என்றால் ரிலேயையே மாற்றுவதுதான் முறை.

ரிலேராஜா:
2000 நம்பர் தாள்னு வச்சுக்கோங்க. பூச்சு அவ்வளவு சீக்கிரம் போகாது.

மில்லிவோல்ட்:
2000 என்றாலும் உப்புத்தாள் உப்புத்தாள்தான்.

சால்டர்புகை:
ரெண்டு பேரும் அப்புறம் சண்டை போடலாம். கழட்டாமலே ரிலேயைச் சோதிக்கலாம். ஸ்பீக்கர் மாட்டியே இருக்கட்டும். போன்ல 100 ஹெர்ட்ஸ் டோன் போட்டு, பிசிறு நல்லா கேக்கிற அளவுக்குச் சத்தத்தை வையுங்க. மீட்டரை ஏசி மில்லிவோல்ட்ல வச்சு, ரிலே மூடியிருக்கும்போது இடது காண்டாக்டோட உள்ளே வர்ற கால், வெளியே போற கால் ரெண்டுலயும் முனையை வையுங்க. காண்டாக்ட் நல்லதுன்னா கிட்டத்தட்ட பூஜ்யம் காட்டும். பத்து, இருபது மில்லிவோல்ட்னு துள்ளினா ரிலேதான் குற்றவாளி. 1000 ஹெர்ட்ஸ் வேணாம், சாதா மீட்டர்கள் பலதும் அவ்வளவு மேலே சரியாக் காட்டாது.

ஒத்தைக்காது:
பாத்தாச்சு. ரெண்டு பக்கமும் 1 மில்லிவோல்ட்கூட இல்ல.

மில்லிவோல்ட்:
அப்படியானால் பயாஸ். காரணத்தைப் புரிந்துகொள்ளுங்கள். 5200 அலையின் மேல் பாதியைத் தள்ளும், 1943 கீழ் பாதியை இழுக்கும். ஒவ்வொன்றும் விழித்துக்கொள்ள அரை வோல்ட்டுக்கு மேல் வேண்டும். அந்த அளவுக்கு இரண்டையும் முன்கூட்டியே லேசாகத் திறந்து வைப்பதுதான் பயாஸ். அது இல்லாவிட்டால் அலை பூஜ்யத்தைத் தாண்டும் இடத்தில் இரண்டுமே தூங்கும், அங்கே ஒரு படி விழும். பெரிய அலையில் அந்தப் படி கண்ணுக்குத் தெரியாது. சின்ன அலையில் பாதியை அதுவே தின்றுவிடும்.

நல்ல சேனல் ஒன்று கையில் இருப்பதால் சர்வீஸ் மேனுவல் இல்லாமலே அளக்கலாம். ஸ்பீக்கரைக் கழற்றுங்கள், வால்யூம் பூஜ்யம், பதினைந்து நிமிடம் சூடாகட்டும். டிசி மில்லிவோல்ட்டில் எமிட்டர் ரெசிஸ்டர்களுக்குக் குறுக்கே, அதாவது அந்த வெள்ளை பீங்கான் ரெசிஸ்டர் இரண்டின் வெளி முனைகளில், அளவு எடுங்கள். இரண்டு சேனலுக்கும் எடுத்து இங்கே போடுங்கள். கூடவே அவுட்புட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் இருக்கும் டிசியும் வேண்டும்.

சால்டர்புகை:
ஒரு எச்சரிக்கை. கரண்ட் ஓடும்போது மீட்டர் முனையைக் கையில பிடிச்சுக்கிட்டு உள்ளே துழாவாதீங்க. முனை வழுக்கி பக்கத்துக் காலைத் தொட்டா ரெண்டு டிரான்சிஸ்டரும் அங்கேயே காலி. ஆஃப் பண்ணிட்டு கொக்கி கிளிப்பை மாட்டிட்டு அப்புறம் ஆன் பண்ணுங்க. சால்டர் வைக்கிறதுக்கு முன்னாடி பெரிய கெப்பாசிட்டர் ஒவ்வொண்ணோட சார்ஜையும் 1 கே (1000 ஓம்), 5 வாட் ரெசிஸ்டர் வழியா ஒரு நிமிஷம் இறக்கிட்டு, மீட்டர்ல ஒருதரம் பாத்துக்கோங்க.

ஒத்தைக்காது:
வலது 9.6. இடது 0.4. ரெசிஸ்டர்ல 0.22 ஓம்னு போட்டிருக்கு. அவுட்புட் டிசி ரெண்டு பக்கமும் 15க்குள்ள. இடது பக்க பிரிசெட்டை, அதாவது பயாஸ் அளவு வைக்கிற குட்டித் திருகு ரெசிஸ்டரை, திருகினா அளவு நகரவே மாட்டேங்குது.

மில்லிவோல்ட்:
ரெசிஸ்டர் இரண்டும் சேர்ந்து 0.44 ஓம். 9.6ஐ வகுத்தால் வலதில் ஏறத்தாழ 22 மில்லிஆம்பியர், சரியான அளவு. இடதில் 1 மில்லிஆம்பியர்கூட இல்லை. டிசி 50 மில்லிவோல்ட்டுக்குள் இருப்பதால் முன்பகுதி நலம். பிரிசெட் உள்ளே அறுந்திருக்கிறது, அல்லது அதன் காலில் சால்டர் விரிசல் விட்டிருக்கிறது.

கழற்றும் முன் போர்டில் ஒன்று பாருங்கள். பயாஸ் டிரான்சிஸ்டரின் (பயாஸ் அளவை நிர்ணயிப்பது இதுதான்) பேஸ் காலுக்கும் எமிட்டர் காலுக்கும் நடுவில் பிரிசெட் இருந்தால், அறுந்தால் பயாஸ் குறையும், செட் பிழைக்கும். உங்களுக்கு நடந்தது அதுதான் என்று தெரிகிறது. அப்படியென்றால் புதியதை முழு ரெசிஸ்டன்ஸில் வைத்து மாட்டுங்கள், கரண்ட் கீழிருந்து ஏறும். பேஸுக்கும் கலெக்டருக்கும் நடுவில் இருந்தால் எல்லாம் தலைகீழ், பூஜ்யத்தில் வைத்து மாட்ட வேண்டும். மாற்றி வைத்தால் ஹீட்சிங்க்கில் தோசை சுடலாம்.

மைக்ரோஃபாரட்:
கையோட அந்த பயாஸ் டிரான்சிஸ்டர் பக்கத்துல இருக்கிற குட்டி கெப்பாசிட்டரையும் மாத்திடுங்க.

சால்டர்புகை:
விட மாட்டீங்களே! புதுசு போட்டு முதல் தடவை ஆன் பண்ணும்போது மெயின்ஸ் லைன்ல 60 வாட் குண்டு பல்பைத் தொடர்ல போடுங்க. எல்இடி ஆகாது. ஒரு தடவை பளிச்சுனு எரிஞ்சு மங்கினா பிழையில்ல, பளிச்சுனே நின்னா உடனே ஆஃப். ஆனா பல்பை வச்சுக்கிட்டு கடைசி அளவைச் செட் பண்ணாதீங்க. வோல்டேஜ் குறைஞ்சிருக்கும், பல்பை எடுத்ததும் கரண்ட் ஏறும்.

ரிலேராஜா:
2000 நம்பர்ல தேச்ச ரிலே இன்னும் ஓடிக்கிட்டுதான் இருக்கு. சொல்லி வைக்கிறேன்.

ஒத்தைக்காது:
பிரிசெட்தான். மாத்தியாச்சு, பிசிறு போச்சு. எல்லாருக்கும் நன்றி.

மில்லிவோல்ட்:
எந்த அளவில் வைத்தீர்கள்? மூடியைப் போட்டு அரை மணி நேரம் பாடவிட்ட பிறகு மறுபடி அளந்தீர்களா?

சால்டர்புகை:
இன்னொண்ணு, வலது பக்கத்துலயும் அதே வயசு பிரிசெட்தானே இருக்கு? அதையும் மாத்தினீங்களா?

மில்லிவோல்ட்:
மூன்று நாள் ஆயிற்று. அளவு?