மாடியில் வைஃபை பிடிக்கிறது, இணையம் வரவில்லை – அவசரம்

மாடிவீட்டுக்காரன்:
கீழே ஃபைபர் இணைப்பு நன்றாக ஓடுகிறது. மாடிக்கு ஒயர் இழுத்து, சும்மா கிடந்த பழைய ரவுட்டரில் செருகினேன். செல்போனில் வைஃபை முழுக்கோடு காட்டுகிறது, இணையம் மட்டும் இல்லை. மகளுக்கு நாளை காலை ஆன்லைன் தேர்வு. உடனே சொல்லுங்கள்.

கொய்யாமரம்:
எந்த ரவுட்டர்? ஒயரை எந்தத் துளையில் செருகினீர்கள்? தனி நிறத்தில் ஒன்று இருக்குமே, அதிலா, மற்றதிலா?

தெற்குத்தெரு:
கான்கிரீட் தளம்தான் காரணம். 5 கிகாஹெர்ட்ஸ் அலை அதில் திணறும். 2.4க்கு மாற்றி, சேனலை 1, 6, 11 இவற்றில் ஒன்றாக வையுங்கள்.

கொய்யாமரம்:
ஐயா, அவர் ஒயர் இழுத்திருக்கிறார். அலை எதற்குத் தளத்தைத் தாண்ட வேண்டும்?

தெற்குத்தெரு:
மாற்றிப் பார்ப்பதில் நட்டம் ஒன்றுமில்லையே.

மூத்தகம்பி:
இதற்கு எத்தனை முறைதான் பதில் எழுதுவது? தேடிப் பார்க்கும் பழக்கமே யாருக்கும் இல்லை. ரவுட்டர் எதுவென்று இல்லை, ஒயர் என்ன வகை என்று இல்லை, 'வரவில்லை' மட்டும் இருக்கிறது. கேட் 6 ஒயர் இல்லையென்றால் முதலில் அதைக் கழற்றி எறியுங்கள்.

நாலுமுனை:
கேட் 5இ ஒயரே 100 மீட்டர் வரை 1000 மெகாபிட் கொண்டுபோகும். மாடிப்படி அவ்வளவு நீளமா?

மூத்தகம்பி:
எட்டுக் கம்பியையும் ஒழுங்காகப் பொருத்தியிருந்தால். நம் எலக்ட்ரீஷியன்கள் நான்கோடு நிறுத்திவிடுவார்கள்.

நாலுமுனை:
நான்கு கம்பியிலும் 100 மெகாபிட் ஓடும். வேகம் குறையுமே தவிர நிற்காது. அவர் வேகத்தையா கேட்டார்?

மூத்தகம்பி:
நான் சொன்னதை மறுபடி படியுங்கள்.

மாடிவீட்டுக்காரன்:
மன்னிக்கவும், கடைக்குப் போயிருந்தேன். தனி நிறத் துளையில் இல்லை, பக்கத்துத் துளையில். சொல்ல மறந்துவிட்டேன்: ஒயர் செருகியதிலிருந்து கீழேயும் விட்டுவிட்டு நிற்கிறது.

கொய்யாமரம்:
இதையல்லவா முதலில் சொல்லியிருக்க வேண்டும்! அநேகமாக இரண்டு ரவுட்டருக்கும் 192.168.1.1 என்ற ஒரே முகவரி. இரண்டுமே டிஹெச்சிபி மூலம் மற்றக் கருவிகளுக்கு முகவரி வழங்குகின்றன. வெளியே போக வழி எது என்று செல்போன் கேட்டால் பழையது 'நான்தான்' என்கிறது. அதற்கே வெளியே வழியில்லை. ஒயரைப் பிடுங்கிவிட்டு, மடிக்கணினியைப் பழைய ரவுட்டரில் மட்டும் இணையுங்கள். முகவரியை 192.168.1.2 ஆக்கிச் சேமியுங்கள். புதிய முகவரியில் உள்ளே போய் டிஹெச்சிபியை அணையுங்கள். பிறகு ஒயரை அதே பக்கத்துத் துளையில் செருகுங்கள்.

மூத்தகம்பி:
2 வேண்டாம். பல ரவுட்டர்கள் 2இலிருந்தே வழங்கத் தொடங்கும், நாளை அது யாருடைய செல்போனுக்காவது போய்விடும். கீழ் ரவுட்டரின் வரிசை எதில் முடிகிறது என்று பார்த்து, அதற்கு வெளியே ஓர் எண் கொடுங்கள்.

கொய்யாமரம்:
அது சரி. ஒப்புக்கொள்கிறேன்.

மாடிவீட்டுக்காரன்:
வரிசை 200இல் முடிகிறது, 250 கொடுத்தேன். வந்துவிட்டது, கீழேயும் நிற்கவில்லை. நன்றி.

தெற்குத்தெரு:
சேனலையும் மாற்றினீர்களா?