ஏர் ஃப்ரையரில் சினமன் ரோல்: கடை மாவில் சுட்டவர்கள் சொல்வது

எடிசன், நியூ ஜெர்சி

சினமன் ரோல், அதாவது பட்டைத்தூளும் சர்க்கரையும் தடவிச் சுருட்டிச் சுடும் பன், கடை மாவில் செய்தால் அது சமையலே இல்லை என்பவர்கள் மேற்கொண்டு படிக்க வேண்டாம். ஈஸ்ட் போட்டுப் பிசைந்து, இரண்டு முறை பொங்கவிட்டு, பாதி நாள் காத்திருந்து சுடும் ரோலின் ருசி வேறுதான், மறுக்கவில்லை. ஆனால் காலையில் பள்ளிப் பேருந்து வாசலில் வந்து நிற்கும் வீட்டில் அதெல்லாம் நடக்கிற காரியமா?

அமெரிக்கக் கடைகளில் பாலும் வெண்ணெயும் இருக்கும் குளிர்ப் பகுதியிலேயே மாவு டப்பாக்களும் இருக்கும். இரண்டு வகை கிடைக்கும். ஒன்று, பட்டைத்தூளும் சர்க்கரையும் தடவிச் சுருட்டி, வெட்டியே வருவது. மேலே ஊற்றும் சர்க்கரைப் பூச்சான ஐசிங்கும் சின்னக் கிண்ணத்தில் கூடவே இருக்கும். இன்னொன்று எதுவும் தடவாத கிரெசன்ட் மாவு, பிறை வடிவ ரோலுக்கு விற்பது. நான் எப்போதும் இரண்டாவதைத்தான் எடுப்பேன். பட்டையை எவ்வளவு போடுவது, சர்க்கரையை எவ்வளவு குறைப்பது என்பது நம் கையில் இருக்குமே. கிரெசன்ட் மாவில் முக்கோணமாகப் பிரிக்கக் கோடுகள் இருக்கும், அவற்றை விரலால் அழுத்தி ஒட்டிவிடுங்கள். கோடே இல்லாத முழு ஷீட் கிடைத்தால் அந்த வேலையும் மிச்சம்.

இந்த மாவு இவ்வளவு சீக்கிரம் தயாராவதற்குக் காரணம், அதைப் பொங்க வைப்பது ஈஸ்ட் இல்லை. சமையல் சோடாவும் ஓர் அமில உப்பும்தான். டப்பாவுக்குள் இருக்கும்போதே கொஞ்சம் வாயு உண்டாகி அழுத்தம் ஏறியிருக்கும். ஒட்டிய ஓரத்தில் கரண்டியால் அழுத்தினால் டப்பென்று வெடிப்பது அதனால்தான். கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரத்தில் பேக்கரி வேலை பார்த்த லைவ்லி வில்லபி என்பவர் இதற்கு 1931இல் காப்புரிமை வாங்கினார். பில்ஸ்பரி என்ற பெரிய மாவு நிறுவனம் இதில் இறங்கியது பிற்பாடுதான், 1951இல் பாலர்ட் அண்ட் பாலர்ட் என்ற லூயிவில் மாவு நிறுவனத்தை வாங்கியபோது. இங்கே வளரும் நம் பிள்ளைகளுக்கு ரோல் தின்பதைவிட அந்த டப்பாவை வெடிக்க வைப்பதில்தான் போட்டி.

வெடித்த பிறகு தள்ளிப்போடக் கூடாது. மாவு சூடானால் பிசுபிசுவென்று கையோடு வரும், சுருட்டவே முடியாது. பட்டைத்தூள், பழுப்புச் சர்க்கரை, வெண்ணெய் எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டு கடைசியாக டப்பாவைத் தொடுங்கள்.

வெண்ணெயை உருக்காதீர்கள். உருக்கினால் சுருட்டும்போதே ஓரத்தில் வழியும், சர்க்கரையையும் இழுத்துக்கொண்டு கூடையில் இறங்கிக் கருகும். வெளியே எடுத்து வைத்து இளகிய வெண்ணெயாக இரண்டு மேசைக்கரண்டி போதும். அதன்மேல் கால் கப் பழுப்புச் சர்க்கரை, இரண்டு தேக்கரண்டி பட்டைத்தூள், ஒரு சிட்டிகை உப்பு. உப்பை விட்டுவிடாதீர்கள், அது இல்லையென்றால் இனிப்பு திகட்டும். கடைசி ஓரத்தில் ஒரு விரல் அகலம் எதுவும் தடவாமல் விட்டால்தான் சுருட்டிய பிறகு ஒட்டும். கத்தியால் வெட்டினால் உருளை நசுங்கிவிடும். பல் இடுக்கில் விடும் நூல், வாசனை சேர்க்காதது, ஒன்று எடுத்து உருளையின் அடியில் கொடுத்து மேலே குறுக்காக இழுங்கள். அழகாக வட்டம் விழும். ஓர் அங்குல கனம் சரியாக இருக்கும்.

இப்போது முக்கியமான விஷயம். டப்பாவில் அச்சடித்திருக்கும் சூடு சாதாரண ஓவனுக்கானது, பெரும்பாலும் 350 முதல் 400 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குள் இருக்கும். அதை அப்படியே ஏர் ஃப்ரையரில் வைத்தால் மேலே கருஞ்சிவப்பு, உள்ளே பச்சை மாவு. ஏர் ஃப்ரையர் பேருக்குத்தான் ஃப்ரையர். சூடாக்கும் கம்பியும் அதன்மேல் விசிறியும் உள்ள குட்டி கன்வெக்‌ஷன் ஓவன் அது, சூடான காற்றைச் சுழற்றிச் சுடுவது. கம்பி மாவுக்கு நாலு விரல் உயரத்தில் இருப்பதால் மேல்பக்கம் முந்திக்கொள்ளும். நான் 320இல் வைக்கிறேன், செல்சியஸில் 160. தனித்தனியாக வைத்தால் எட்டிலிருந்து பத்து நிமிடம். ஆறாவது நிமிடத்தில் ஒரு தடவை இழுத்துப் பாருங்கள், நிறம் வந்துவிட்டால் 300க்கு இறக்கிவிடுங்கள். கேக் டின்னில் நெருக்கி அடுக்கினால் பக்கங்கள் மெத்தென்று இருக்கும், ஆனால் நடுவில் வேக இன்னும் நாலைந்து நிமிடம் கூடப் பிடிக்கும்.

பேக்கிங் தாளை முன்கூட்டியே தனியாகப் போட்டுச் சூடேற்ற வேண்டாம். விசிறிக் காற்றில் பறந்து மேலே கம்பியில் ஒட்டினால் தீப்பிடிக்கும். ரோலை வைத்த பிறகு, அதன் பாரத்தில் தாள் நிற்கட்டும்.


ஸ்காபரோ, ரொறன்ரோ

அக்கா, 320 எங்கள் வீட்டிலும் சரிவந்தது. மாவு பற்றி எல்லாம் சொல்லிவிட்டீர்கள், நான் கறுவா, அதாவது நீங்கள் சொல்லும் பட்டை, பற்றிச் சொல்கிறேன்.

இங்கே பெரிய கடைகளில் தூளாக விற்பது பெரும்பாலும் கசியா வகை. நிறம் கூட, காரம் கூட. எங்கள் இலங்கைக் கறுவா மெல்லிய தாள் போலப் பல அடுக்காகச் சுருண்டிருக்கும், விரலால் நொறுக்கினாலே நொறுங்கும். கசியா ஒற்றைத் தடித்த பட்டை, உடைக்கவே பலம் வேண்டும். ஊரில் காலி, மாத்தறைப் பக்கம் விளைவதில் ஆக மெல்லிய குச்சிக்கு அல்பா என்று பெயர், விலையும் அதற்குத்தான் உச்சம். தமிழ்க் கடைகளில் கேட்டால் நல்ல குச்சி எடுத்துத் தருவார்கள். வாங்கி கிரைண்டரில் அரைத்து அரித்துக்கொள்ளுங்கள்.

அம்மா கசியாவைத் தொடவே விடமாட்டார். கசியாவில் கூமரின் என்ற இயற்கைப் பொருள் கூடுதலாக இருக்கிறது, அளவுக்கு மிஞ்சினால் சிலருக்கு ஈரலுக்குக் கூடாது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு உடல் எடையில் கிலோவுக்கு 0.1 மில்லிகிராமைத் தினசரி எல்லையாக வைத்திருக்கிறது. இருபது கிலோ பிள்ளைக்கு 2 மில்லிகிராம்தான் கணக்கு. எப்போதாவது ஒரு ரோல் தின்பவர் பயப்பட வேண்டியதில்லை, தினமும் ஓட்ஸிலும் தேநீரிலும் தூவுகிறவர்கள் யோசிக்கலாம். இலங்கைக் கறுவாவில் கூமரின் மிகக் குறைவு.

ஆனால் ருசி என்று வந்தால் அம்மாவோடு எனக்கு ஒத்துவராது. சீனியும் பட்டரும் சேர்ந்த இடத்தில் எங்கள் கறுவாவின் மென்மை அமுங்கிப்போகும். 1985இல் சியாட்டில் பக்கம் தொடங்கிய சினபன் என்ற சினமன் ரோல் கடைக்காரரும் கசியா இனத்து இந்தோனேசியக் கறுவாவைத்தான் போடுகிறார்கள். நான் பாதிக்குப் பாதி கலக்கிறேன். அம்மாவுக்கு இன்னும் தெரியாது.


டாலஸ், டெக்சாஸ்

ஒரு சந்தேகம். நான் வாங்கியது ஐந்து பெரிய ரோல் வரும் டப்பா. 320, பத்து நிமிடம், சொன்னபடியே வைத்தேன். வெளிச்சுற்று பிரமாதம், நடுச்சுழி மட்டும் களி. குடும்பத்தில் எல்லோரும் ஓரத்தைப் பிய்த்துத் தின்றுவிட்டு நடுவை என் தட்டில் தள்ளினார்கள். என்ன செய்யலாம்?


எடிசன், நியூ ஜெர்சி

பெரிய ரோலுக்கு அந்த நேரம் போதாது தம்பி. 300இல் பதினைந்து நிமிடம் வரை போகும். கடைசி மூன்று நிமிடத்துக்குத் திருப்பிப் போடுங்கள், அடிப்பக்கமும் நிறமாகும். நடுச்சுழியைக் கட்டைவிரலால் கீழிருந்து லேசாக மேலே தள்ளிக் குமிழாக்கி வைத்தால் காற்று உள்ளே போகும். இறைச்சிக்கு வைத்திருக்கும் வெப்பமானி வீட்டில் இருந்தால் நடுவில் குத்திப் பாருங்கள், 190 காட்டினால் வெந்துவிட்டது. பச்சை மாவைப் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டாம், வேகாத மைதாவில் கிருமி இருக்க வாய்ப்புண்டு.

கூடையில் நாலுக்கு மேல் வைத்திருந்தால் அதுவும் காரணம். இடைவெளி இல்லாவிட்டால் காற்று சுற்றாது.


உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்

இங்கே அந்த வெடிக்கும் டப்பாவுக்கு நான் அலைவதில்லை. உறைநிலையில் கிடைக்கும் பரோட்டாவே போதும். எல்லா சூப்பர் மார்க்கெட்டிலும் இருக்கிறது, விலையும் மலிவு. பிளாஸ்டிக் தாளோடு ஐந்து நிமிடம் வெளியே வைத்து, வளைகிற பதம் வந்ததும் பட்டை, சர்க்கரை தூவிச் சுருட்டி வெட்டி 170 செல்சியஸில் பத்து நிமிடம். மாவிலேயே கொழுப்பு இருப்பதால் வெண்ணெய் கூட அவசியமில்லை.

மெத்தென்ற ரோலை எதிர்பார்க்காதீர்கள். இது அடுக்கடுக்காக மொறுமொறுவென்று வரும். டீயோடு தின்ன எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது. ஐசிங் ஊற்றினால் மொறுமொறுப்பு போய்விடும், கொஞ்சம் சர்க்கரையைப் பொடித்துத் தூவினால் சரி.


ஆர்.எஸ்.புரம், கோயம்புத்தூர்

எங்கள் ஊரில் டப்பா மாவு கிடைக்காது, ஆனால் தெருவுக்கு ஒரு பேக்கரி உண்டு. பழக்கமான பேக்கரி மாஸ்டரிடம் சொல்லி வைத்து, காலையில் பன்னுக்குப் பிசைந்த மாவில் அரைக் கிலோ வாங்கினேன். முதலில் ஒரு மாதிரி பார்த்தார். எதற்கு என்று சொன்னதும், "சர்க்கரை ஏற்கெனவே போட்டிருக்கு, நீங்க கம்மி பண்ணிக்குங்க" என்று அவரே யோசனை சொன்னார். பாலித்தீன் பையில் கொஞ்சம் எண்ணெய் தடவிப் போட்டுக் கொடுத்தார். பை பந்து மாதிரி உப்பிவிட்டது, வீட்டுக்கு வருவதற்குள் முடிச்சை அவிழ்க்க வேண்டியதாயிற்று.

இது ஈஸ்ட் மாவு என்பதால் மேலே அக்கா சொன்ன கணக்கு அப்படியே பொருந்தாது. சுருட்டி வெட்டிய பிறகு மறுபடி பொங்க வேண்டும். நம் ஊர் வெயிலுக்கு அரை மணி நேரத்துக்குள் ஒன்றரை மடங்கு ஆகிவிடுகிறது, ஈரத்துணி போட்டு மூடி வைத்தால் போதும். விரலால் தொட்டால் பள்ளம் மெதுவாக மேலே வர வேண்டும். உடனே துள்ளினால் இன்னும் நேரம் வேண்டும், அப்படியே அமுங்கி நின்றால் தாண்டிவிட்டது. பிறகு 160 செல்சியஸில் பன்னிரண்டு நிமிடம். மேலே பால் தொட்டுத் தடவினால் பேக்கரி பன் நிறம் வரும்.

பழுப்புச் சர்க்கரை தேடி அலைய வேண்டாம், நாட்டுச் சர்க்கரை அதைவிட நன்றாகவே இருக்கிறது. கட்டி இருக்கும், சலித்துக்கொள்ளுங்கள். ஈரப்பதம் கூடுதலான சர்க்கரை என்றால் ஒரு தேக்கரண்டி மைதா கலந்து தடவினால் ஒழுகாது. பிரியாணிக்கு வாங்கும் தடித்த பட்டையை வீட்டு மிக்சியில் அரைத்தால் நரநரவென்று பல்லில் படும். வாணலியில் லேசாகச் சூடு காட்டி, ஆறவைத்து அரைத்து, மெல்லிய சல்லடையில் இரண்டு தடவை சலித்தால்தான் சரியாகும். பொறுமை இல்லாதவர்கள் தூளாகவே வாங்கிக்கொள்ளுங்கள், நானும் இப்போது அதைத்தான் செய்கிறேன்.

ஐசிங்குக்கு கிரீம் சீஸ் கிடைக்காத இடத்தில், கெட்டித் தயிரைத் துணியில் கட்டி ராத்திரி முழுவதும் ஃபிரிட்ஜில் தொங்கவிட்டு எடுத்தேன். அதோடு ஐசிங் சர்க்கரை, வெண்ணெய், இரண்டு சொட்டு வெனிலா. லேசான புளிப்பு நன்றாகவே பொருந்துகிறது.

இன்னொன்று, இது பெரும்பாலும் 1500 வாட் இழுக்கும் சாமான். கரண்ட் போன நேரத்தில் வீட்டு இன்வெர்ட்டரில் போட்டுப் பார்க்காதீர்கள்.


ஸ்டாக்ஹோம்

சுவீடனில் அக்டோபர் 4 சினமன் பன்னுக்கென்றே ஒரு நாள், 1999 முதல் கொண்டாடுகிறார்கள். அலுவலகத்தில் அன்றைக்கு காபி நேரத்தில் வேறு எதையும் எதிர்பார்க்க முடியாது. இங்கே ஐசிங் ஊற்றும் வழக்கம் இல்லை, முட்டை தடவி மேலே கல்லு மாதிரி வெள்ளைச் சர்க்கரைத் துண்டுகளைத் தூவுவார்கள். அதைவிட நமக்கு உபயோகமான விஷயம், மாவில் ஏலக்காய் போடுவது. கடை மாவில் பிசைந்து சேர்க்க முடியாது என்பதால் நான் பட்டையோடு அரைத் தேக்கரண்டி ஏலக்காய்ப் பொடியைக் கலந்து தடவுகிறேன். நைசாகப் பொடிக்காமல் கொரகொரப்பாக இடித்தால் கடிக்கும்போது தெரியும். செய்து பாருங்கள், அடுத்த முறை பட்டையைக் குறைத்து ஏலக்காயைக் கூட்டுவீர்கள்.


டாலஸ், டெக்சாஸ்

நடுவைக் கட்டைவிரலால் தள்ளி, 300இல் வைத்து, மூன்று மூன்றாகச் சுட்டேன். வெந்துவிட்டது அக்கா, நன்றி. ஆனால் மிஞ்சியது மறுநாள் கட்டையாகிவிட்டது. மைக்ரோவேவில் வைத்தால் ரப்பர்.


எடிசன், நியூ ஜெர்சி

மிஞ்சப் போகிறது என்று தெரிந்தால் ஐசிங் ஊற்றாமல் எடுத்து வையுங்கள். மறுநாள் தண்ணீரை விரலால் மேலே தெளித்து, 280இல் மூன்று நிமிடம், அதே ஏர் ஃப்ரையரில். வெளியே எடுத்து ஐந்து நிமிடம் ஆறிய பிறகு ஐசிங். கொதிக்கும்போது ஊற்றினால் தண்ணீராக உருகித் தட்டுக்குப் போய்விடும். அப்புறம், உருகிய சர்க்கரை நாக்கைச் சுட்டுவிடும், சின்னப் பிள்ளைகள் கையில் சூட்டோடு கொடுத்துவிடாதீர்கள்.

மாவையே உறைய வைக்கலாமா என்று கேட்காதீர்கள், டப்பா மாவுக்கு அது ஒத்துவரவில்லை, பொங்குவது குறைந்துவிடுகிறது. சுட்ட ரோலை ஃப்ரீசரில் வைக்கலாம், ஒரு மாதம் வரை நன்றாக இருக்கும். உறைந்ததை நேரே கூடையில் வைப்பதாக இருந்தால் மூன்று நிமிடத்துக்குப் பதில் ஆறு.