அப்புச்சியின் வயிற்று மந்தம்

எங்கள் அப்புச்சி, அம்மாவின் அப்பா, ஒரு நாளும் அழவில்லை. அதனாலேயே அவருக்கு மனச்சோர்வு என்று எங்களில் யாருக்கும் பிடிபடவில்லை.

காங்கேயத்துக்குப் பக்கத்தில் தோட்டத்துச் சாளையில் இருக்கிறார். அப்போது வயது 91. வாயைத் திறந்தால் ஒரே பேச்சு: "வயிறு மந்தமாக இருக்கிறது கண்ணு, களி இறங்கமாட்டேன் என்கிறது." ஸ்கேன், எண்டோஸ்கோபி, சுக்குக் கஷாயம் எல்லாம் ஆயிற்று. வயிற்றில் ஒன்றும் அகப்படவில்லை. விடியற்காலை மூன்று மணிக்கே எழுந்து திண்ணையில் உட்கார்ந்துகொள்வார். "எமன் என் சீட்டைத் தொலைத்துவிட்டான்" என்பார். நாங்கள் சிரிப்போம். தொண்ணூறு தாண்டினால் அப்படித்தான் என்று ஊரே சொன்னது, நானும் தலையாட்டினேன்.

அவர் மனைவி, எங்கள் அம்மிச்சி, இறந்து மூன்று வருடமாகியிருந்தது. அந்தத் துக்கத்தை எப்படியோ கடந்தார். கட்டுத்தரையில் இரண்டு மாடுகள் காத்திருந்தனவே. ஒரு நாள் தண்ணீர் காட்டப் போனவர் வழுக்கி விழுந்தார். எலும்புக்குச் சேதமில்லை. ஆனால் மாமா பயந்துபோய் அந்த வாரமே மாடுகளை விற்றுவிட்டார். "இனிமேல் உட்கார்ந்து சாப்பிடுங்கள், போதும்" என்றார். பாசத்தில் செய்ததுதான், குறை சொல்ல எனக்கு வாயில்லை. அப்புச்சிக்குக் காதும் மந்தம். கத்திச் சொல்ல எங்களுக்குப் பொறுமை இல்லாமல், அவர் எதிரிலேயே அவரை விட்டுவிட்டுப் பேசப் பழகியிருந்தோம்.

கடைசியில் ஈரோட்டில் முதியோர் மருத்துவர் ஒருவரிடம் கூட்டிப்போனேன். சீட்டுத் தொலைந்த கதையைக் கேட்டு அவர் சிரிக்கவில்லை. சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேராகவே கேட்டார். பிறகு ஆம், இல்லை என்று மட்டும் பதில் சொல்லும் 15 கேள்விகள். முதியவர்களின் மனச்சோர்வை அறியவென்றே 1980களில் உருவாக்கியவையாம். பசி, உடம்பு வலி பற்றி அவற்றில் பேச்சே இல்லை. அவை வேறு நோய்களாலும் வருமே. கேள்விகளை அப்புச்சியின் காதில் சொல்லும் வேலை எனக்கு. வாழ்ந்த வாழ்க்கை திருப்திதானா என்றதற்குத் தலையாட்டினார். செய்துகொண்டிருந்த வேலைகளை விட்டுவிட்டீர்களா என்றேன்.

"நான் எங்கே சாமி விட்டேன்? ஓட்டிக்கொண்டு போய்விட்டார்களே."

அந்த அறையில் எனக்குத்தான் கண் கலங்கியது.

தைராய்டு, வைட்டமின் பி12, சோடியம் எல்லாம் பரிசோதித்தார்கள். பி12 குறைவாக இருந்தது. துணையை இழப்பது, காது கேளாமை, நடமாட்டம் சுருங்குவது, ஓயாத வலி, இவை ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும்போது மனச்சோர்வு வரும், மூப்பின் இயல்பு என்று விட்டுவிடாதீர்கள் என்றார் மருத்துவர். மனச்சோர்வுக்கான மாத்திரை குறைந்த அளவில் தொடங்கியது. பலன் தெரியச் சில வாரங்களாகும், இந்த வயதில் அது சோடியத்தைக் குறைத்துவிடலாம் என்பதால் இடையில் ரத்தப் பரிசோதனையும் உண்டு. (மருத்துவரிடம் போகத் தயங்குகிறவர்கள் 14416 என்ற அரசு மனநல எண்ணில் தமிழிலேயே பேசலாம். எனக்கு அப்போது தெரியாது.)

இரண்டு மாதம் கழித்து, மாமாவிடம் சண்டை போட்டு ஒரு கிடாரிக் கன்று வாங்கிக் கட்டினோம். காது மிஷினும் வாங்கினோம். அது பெரும்பாலும் சட்டைப் பையில்தான் கிடக்கிறது.

போன வாரம் போயிருந்தபோது, "வயிறு எப்படி இருக்கிறதுங்க அப்புச்சி?" என்று கேட்டேன்.

"பருத்திக்கொட்டையா? மூட்டை என்ன விலை சொன்னான்?" என்றார்.