கடலுக்கும் குளத்துக்கும் போய் நாங்க பார்த்தது: குமரி மாவட்ட அனுபவங்கள்

கோட்டாற்றுக்காரர்

போன சித்திரையில நடந்தது. மதுரையிலிருந்து மச்சினன் குடும்பத்தோட வந்திருந்தான். அவன் பிள்ளைங்க ரெண்டு பேரும் கடலையே பார்த்ததில்லை. மூத்தவளுக்கு ஒன்பது வயசு, இளையவனுக்கு ஆறு. சாயங்காலம் நாலு மணிக்குச் சொத்தவிளை கடற்கரைக்குப் போய்ச் சேர்ந்தோம். மேகம் ஒரு பொட்டு இல்லை. தென்னை ஓலைகூட அசையலை. பிள்ளைங்க வண்டியிலிருந்து இறங்கினதுமே சட்டையைக் கழற்றிட்டாங்க.

கரையில ஒரு பெரியவர் வலை பொத்திக்கிட்டு இருந்தார். கிழிஞ்ச இடத்தைக் கால் பெருவிரல்ல மாட்டி இழுத்துப் பிடிச்சிருந்தார். ஊசி போற இடத்தை அவர் பார்க்கவே இல்லை, கண்ணு முழுக்கக் கடல் மேலயே. நாங்க அவரைத் தாண்டும்போது, "மக்கா, பிள்ளியள இப்பம் இறக்காதுங்க"ன்னார்.

"காத்தே இல்லியே பாட்டா?"

"அதாம்ல சொல்லுகேன். காத்து இல்ல, ஆனா அலை எப்படி எடம் விட்டு எடம் விட்டு வருதுன்னு பாரு. ஒண்ணு வந்து அடுத்தது வர எவ்வளவு நேரம் ஆவுது?"

போனை எடுத்து எண்ணிப் பார்த்தேன். ஒரு அலைக்கும் அடுத்ததுக்கும் பதினாறு, பதினேழு செகண்டு. சாதாரணமா எத்தனை இருக்கும்னு கேட்டேன். அதுல பாதிதான் இருக்கும், எண்ணி முடிக்கறதுக்குள்ள அடுத்தது வந்திரும்னார்.

மச்சினனுக்கு மனசே இல்லை. நாலு மணி நேரம் வண்டி ஓட்டி வந்தவன், பாவம். பிள்ளைங்க அழுதுச்சு. பெரியவர் அதுக்குமேல ஒண்ணும் சொல்லலை, கட்டாயப்படுத்தவும் இல்லை. மேல மணல்ல உட்கார்ந்து நுங்கு வாங்கித் தின்னோம். அரைமணி நேரம் இருக்கும். பெரியவர் திடீர்னு எழுந்து வலையைச் சுருட்டித் தோள்ல போட்டார். அவர் நாலடி மேல ஏறியிருக்க மாட்டார், அதுக்குள்ள தண்ணி வந்திட்டு. பெரிய அலையா எழும்பி உடையலை, இரைச்சலும் இல்லை. பாத்திரத்துல பால் பொங்கற மாதிரி ஏறி, காய்ஞ்ச பாசி கிடந்த கோட்டைத் தாண்டி எங்க முழங்கால் வரைக்கும் வந்துது. வந்ததைவிடப் போனதுதான் பயம். காலுக்கடியில இருந்த மணல் அப்படியே உருவிக்கிட்டு ஓடுச்சு. பையனை நான் இடுப்புல தூக்கி வச்சிருந்தேன், என்னாலயே நிற்க முடியலை. எங்க செருப்பு அத்தனையும் போச்சு. பிள்ளைங்க முதல்ல விளையாட நினைச்ச இடம் அதுக்கும் இருபதடி கீழ.

2024 மே 6-ஆம் தேதி கணபதிபுரம் லெமூர் கடற்கரையில அஞ்சு மருத்துவ மாணவர்கள் அலையில சிக்கி இறந்து போனாங்களே, அதைப் பேப்பர்ல படிச்சப்போ "பார்த்து இறங்கியிருக்கலாமே"ன்னு நானும் சொன்னவன்தான். அன்னைக்கு அந்த மணல்ல நின்னப்பதான் புரிஞ்சுது, பார்த்தாலும் நமக்குத் தெரியாது. தெரிஞ்சவங்க கரையில உட்கார்ந்திருக்காங்க, நாம கேட்கணும்.

கிளம்பும்போது பெரியவர்கிட்ட கையெடுத்துக் கும்பிட்டேன். "மார்கழியில கூட்டிட்டு வா மக்கா, அப்பம் கொளம் மாதிரி கெடக்கும்"னார்.

நீங்க வெளியே போன இடத்துல யாரைச் சந்திச்சீங்க, எதைப் பார்த்தீங்க? எழுதுங்க.

குளச்சல் பிள்ளை

அண்ணே, வாசிக்கும்போதே கை நடுங்கிட்டு. அந்தப் பாட்டா சொன்னதைத்தான் எங்க ஊர்ல கள்ளக்கடல்னு சொல்லுவோம். கள்ளன் மாதிரி சத்தம் இல்லாம வரும். நம்ம கரையில காத்தும் இருக்காது, மழையும் இருக்காது. தெற்கே ரொம்பத் தூரத்துல இந்தியப் பெருங்கடல்ல புயல் அடிக்கும். அங்க கிளம்பின அலை நாள்கணக்கா ஓடி நம்ம கரைக்கு வந்து சேரும். தூரத்துலேருந்து வர்ற அலைங்கிறதாலதான் இடைவெளி அவ்வளவு நீளம். சித்திரை வைகாசியிலதான் அதிகம் பார்ப்போம். இப்ப ஹைதராபாத்துல இருக்கிற கடல் தகவல் மையம் முன்கூட்டியே எச்சரிக்கை கொடுக்குது, டிவியில "கடல் சீற்றம்"னு ஓடறது அதுதான். அந்த வரி ஓடினா தயவுசெஞ்சு கால் நனைக்கக்கூட இறங்காதுங்க.

ஆனி, ஆடியில மேற்குக் கரை எப்படியும் கொந்தளிப்பாத்தான் இருக்கும். ஜூன் 1-லேருந்து ஜூலை 31 வரை எங்க பக்கம் விசைப்படகு போகாது. சின்னமுட்டம் துறைமுகம் கிழக்குக் கரைக் கணக்கு, அங்க ஏப்ரல் 15-லேருந்து ஜூன் 14 வரை. ஒரே மாவட்டத்துல ரெண்டு மீன்பிடித் தடைக்காலம்.

2004 சுனாமியிலயும் ஒக்கி புயல்லயும் நாங்க இழந்தவங்களைப் பத்தி இங்க எழுதலை. எழுதத் தொடங்கினா நிறுத்த முடியாது.

தேரூர் அம்மா

நான் குளத்தைப் பத்திச் சொல்றேன். எங்க ஊர் கவிமணி பிறந்த ஊர்னுதான் வெளியே தெரியும். ஊர்க்குளத்துக்கு அதே அளவு பேர் வரணும்ங்கிறது என் ஆசை. சுசீந்திரம், தேரூர் குளங்கள் 2022-ல ராம்சர் பட்டியல்ல, அதாவது உலக அளவுல முக்கியமான நீர்நிலைகளோட பட்டியல்ல சேர்ந்துது. வேம்பனூர் குளமும் அதே வருஷம்தான். ஐப்பசி கார்த்திகை வந்தா வெளிநாட்டு வாத்துங்க இறங்கும், கூழைக்கடா, நாரை எல்லாம் பார்க்கலாம். ஆனா நான் சொல்லப்போறது ஆவணியில நடந்தது.

மகள் ஏழாம் வகுப்பு. பள்ளிக்கூடத்துல பறவை பார்த்து எழுதச் சொன்னாங்கன்னு காலையில ஆறு மணிக்கே இழுத்துட்டுப் போனா. குளம் முழுக்கத் தாமரை. ஒருத்தர் லாரி டியூப்புல நெஞ்சைச் சாய்ச்சு மிதந்துக்கிட்டே பூ பறிச்சுக்கிட்டிருந்தார், தோவாளை சந்தைக்குப் போற பூ. ஒரு மூலையை மட்டும் அவர் தொடவே இல்லை. அங்கதான் நல்ல மொட்டா நின்னுது. மகள் சத்தம் போட்டுக் கேட்டா, "அண்ணாச்சி, அங்க ஏன் பறிக்கல?"

அவர் உதட்டுல விரலை வச்சுக் காட்டிட்டுக் கரையோரம் வந்து மெதுவாச் சொன்னார்: "அங்க முட்டை கெடக்கு மக்ளே. அது பொரிச்சுப் போவட்டும்."

அவர் கை காட்டின இடத்தை ரொம்ப நேரம் பார்த்தும் ஒண்ணும் தெரியலை. அப்புறம் ஒரு இலை அசைஞ்ச மாதிரி இருந்துது. இலை இல்லை, பறவை. பழுப்பு உடம்பு, வெள்ளை முகம், பிடரியில மஞ்சள், வளைஞ்சு தொங்கற நீள வால். நீளவால் இலைக்கோழி. விரல் ஒவ்வொண்ணும் அதோட உடம்புக்குப் பொருந்தாத நீளம், அதனாலதான் இலை மேல நடந்தாலும் அமிழறதில்லை. நிழல் விழற மாதிரி இறக்கையை லேசா விரிச்சு உட்கார்ந்துது. அடைகாக்கறது அப்பா. தாய்ப்பறவை முட்டை போட்டுட்டுப் போயிரும், அடைகாத்துக் குஞ்சு வளர்க்கறது முழுக்க ஆண்தான். மகள் நோட்டுல எழுதின முதல் வரியே அதுதான்.

ஒரு வருத்தமும் உண்டு. அதே காலையில பெரிய கேமராவோட வந்த ஒருத்தர், பறக்கிற படம் வேணும்னு தாழைக்கோழிக் கூட்டத்துமேல கல்லெறிஞ்சார். எனக்கு உடம்பெல்லாம் பதறிட்டு. டியூப்புல மிதந்தவர்தான் குரல் கொடுத்து நிறுத்தினார். பூ பறிச்சுப் பிழைக்கிற மனுஷன் ஒரு மூலையையே விட்டுவைக்கிறார். படம் எடுக்க வந்தவருக்குப் பத்து நிமிஷம் காத்திருக்க முடியலை.

கோட்டாற்றுக்காரர்

இருபது வருஷமா அந்தக் குளத்தைப் பஸ்ல தாண்டிப் போறேன் அக்கா. ஒரு நாள்கூட இறங்கினதில்லை.

திருவட்டாறு தம்பி

மாத்தூர் தொட்டிப்பாலம், அதாவது ஆத்துக்கு மேல தொட்டி வழியா பாசனத் தண்ணி போற பாலம், அதைப் பத்தி நிறைய பேர் எழுதிட்டாங்க. 1966, காமராசர் பேர், 115 அடி உயரம், 28 தூண், கீழே பறளியாறு, எல்லாருக்கும் தெரியும். எங்க பாட்டி சொன்னதை மட்டும் சேர்க்கிறேன். பாலத்துமேல நடக்கும்போது எல்லாரும் கைப்பிடி வழியா வெளியே எட்டிப் பார்ப்போம். பாட்டி தொட்டிக்குள்ளதான் பார்ப்பா. "வெளியே என்னத்தடா பாக்குதிய, தண்ணி போவுதான்னு பாரு"ம்பா. அவ வயல் அந்தத் தண்ணியில விளைஞ்சது.

திற்பரப்பு போறவங்களுக்கு ஒண்ணு: மேல பேச்சிப்பாறையில உபரித் தண்ணி திறந்தா அருவியில குளிக்கத் தடை போட்டிருவாங்க. இங்க வெயில் அடிச்சாலும் மலையில மழை பெய்ஞ்சிருக்கலாம். நமக்கு ரெண்டு பருவமழையும் உண்டு, அதனால கிளம்புமுன்ன விசாரிச்சுக்கணும். காளிகேசம் ஆறும் அப்படித்தான். நாங்க பாறையில சோறு பிரிச்சு உட்கார்ந்திருந்தோம், தெளிஞ்ச தண்ணி கண்ணெதிர்லயே கலங்குச்சு, சருகும் குச்சியுமா வந்துது. கூட இருந்த உள்ளூர் அண்ணன் "எந்திரிங்கலே"ன்னு ஒரே சத்தம். கரையேறிக் கொஞ்ச நேரத்துல நாங்க இருந்த பாறை தண்ணிக்குள்ள. சோத்துச் சட்டியும் போச்சு.

வள்ளியூர் வாசகி

ஒரு கேள்வி. அம்மாவுக்கு முழங்கால் வலி. வள்ளுவர் சிலையும் சிதறால் மலைக்கோயிலும் பார்க்கணும்னு ஆசைப்படறாங்க. முடியுமா?

திருவட்டாறு தம்பி

சிதறால்ல கல் பாவின பாதை உண்டு அக்கா, ஆனா ஏத்தம் ஏத்தம்தான். வெயிலுக்கு முன்ன காலையிலயே தொடங்கி, உட்கார்ந்து உட்கார்ந்து போனா என் அம்மா ஏறினாங்க. மேல பாறையில செதுக்கின தீர்த்தங்கரர் சிலைங்க வரிசையா இருக்கும். அதைப் பார்த்ததும் அம்மா வலியைப் பத்திப் பேசவே இல்லை.

குளச்சல் பிள்ளை

வள்ளுவருக்கு இப்ப சுலபம். விவேகானந்தர் பாறையில இறங்கிட்டா 2024 டிசம்பர் 30-ல திறந்த கண்ணாடிப் பாலம் வழியா நடந்தே போயிரலாம், 77 மீட்டர்தான். ஆனா பாறைக்குப் போகப் படகு வேணும். கடல் சரியில்லைன்னா படகை நிறுத்திருவாங்க. அன்னைக்குக் கோவப்படாம வட்டக்கோட்டைக்குக் கூட்டிட்டுப் போங்க. கோட்டைச் சுவர் மேல நின்னா கடலும் மலையும் சேர்ந்து தெரியும்.

கோட்டாற்றுக்காரர்

மார்கழி முதல் ஞாயிறு மச்சினன் திரும்ப வர்றான். பிள்ளைங்களை முதல்ல தேரூர் குளத்துக்குக் கூட்டிட்டு வர்றதா இருக்கோம், சாயங்காலம் சொத்தவிளை. தேரூர் அக்கா, காலையில ஆறு மணிக்குக் கரையில இருப்பீங்களா? இளையவன் இப்பவே கேட்கிறான், அந்த வலைப் பாட்டா வருவாரான்னு.

தேரூர் அம்மா

ஆறுக்கு முன்னாடியே வாங்க தம்பி. வெளிச்சம் வர்றதுக்குள்ள உட்கார்ந்திரணும். பிள்ளைங்களுக்கு வெள்ளைச் சட்டை வேண்டாம். டீ நான் கொண்டு வர்றேன்.