கத்திரி வெயிலில் செடி வைத்து மாட்டிக்கொண்டவர்கள் வாருங்கள்

மடிப்பாக்கம் மாடி:
போன வருடம் அக்னி நட்சத்திரம் தொடங்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை. தெருவில் செடி வண்டி வந்தது, கை சும்மா இருக்குமா? ஒரு கறிவேப்பிலை, இரண்டு பன்னீர் ரோஜா. அன்றைக்கே க்ரோ பேக்குக்கு மாற்றி மாடியில் வைத்துவிட்டேன். மறுநாள் மதியம் இரண்டு மணிக்குப் பார்த்தால் மூன்றும் தலை தொங்கி நிற்கின்றன. பதறிப்போய் ஹோஸைத் திருப்பினேன். காலையிலிருந்து வெயிலில் கிடந்த குழாய் அது. என் காலில் பட்டுத் துள்ளிக் குதிப்பதற்குள் கறிவேப்பிலை பை முக்கால்வாசி நிறைந்துவிட்டது. ரசம் தாளித்த வாசனை வந்தது, சத்தியமாக. மூன்றாம் நாள் இலையெல்லாம் அப்பளம். இப்போதும் ரசம் வைக்கும்போது அந்தச் செடிதான் ஞாபகம் வருகிறது.

திருவான்மியூர் பால்கனி:
எனக்கு வெயில் இல்லை, போர்வெல் தண்ணீர். புதுச் செம்பருத்தி, இலை ஓரமெல்லாம் காபித்தூள் நிறத்தில் கருகியது. வெயில்தான் என்று நினைத்து இன்னும் ஊற்றினேன்! மண் தொட்டியின் வெளிப்பக்கம் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்ததைப் பார்த்த பிறகுதான் உறைத்தது.

குன்றத்தூர்க்காரன்:
மடிப்பாக்கம் அக்கா, செடியைக் கொன்றது வெயில் இல்லை, உங்கள் ஹோஸ். சும்மா பயமுறுத்தாதீர்கள். நான் மே மாதம்தான் குண்டுமல்லி வைத்தேன். மல்லிக்கு வெயில்தானே சீசன்! முதலில் வந்தது நாலே மொட்டு. அம்மா அதையும் நாரில் கட்டி அப்பா படத்துக்குப் போட்டார்.

பெரம்பூர் பெரியவர்:
தம்பி, தரையில் வைப்பதும் மாடியில் வைப்பதும் ஒன்றா? 2003 மே 31, சென்னையில் 45 டிகிரி. அதற்கு முந்தின நாள் வைத்த எலுமிச்சைக்கு என் குடையை விரித்துக் கட்டினேன், பிழைத்தது. சரி, எல்லோரும் கேளுங்கள். வாங்கி வந்த அன்றே மாற்றக் கூடாது. கவரோடு பத்து நாள் நிழலில் இருக்கட்டும். மாற்றுவது சாயங்காலம், வேரைச் சுற்றிய செம்மண் உருண்டை உடையாமல். வேர் அறுந்தால் அது உறிஞ்சுவது குறையும், இலையோ பழையபடி நீரை ஆவியாக விட்டுக்கொண்டே இருக்கும். அதனால்தான் பாதி இலையைக் கிள்ளச் சொல்கிறார்கள். மதியம் தொங்கி, வெயில் தாழ்ந்ததும் நிமிர்ந்தால் அது தாகம் இல்லை. விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்த்துவிட்டு ஊற்றுங்கள், இல்லாவிட்டால் வேர் அழுகும். பையை வெறும் தளத்தில் வைக்காமல் இரண்டு செங்கல் மேல் தூக்கி வையுங்கள். மேலே 50 சதவீத நிழல் வலை. புது வேர் பிடிக்கும்வரை உரமே வேண்டாம். அப்புறம் அந்த டீத்தூள், முட்டை ஓடு...

மடிப்பாக்கம் மாடி:
ஐயா, நான் யோசனையே கேட்கவில்லையே. ஆனால் செங்கல் விஷயம் எனக்குத் தெரியாது.

குன்றத்தூர்க்காரன்:
பத்து நாளெல்லாம் யாராலும் காத்திருக்க முடியாது சார்.

வளசரவாக்கம் மூன்றாம் மாடி:
2019. புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் எல்லாம் காய்ந்து கிடந்த ஜூன். அதற்கு முந்தின மாதம்தான் நந்தியாவட்டை வாங்கியிருந்தேன். ஒருநாள் லாரித் தண்ணீர் வரிசையில் நின்று பிடித்த குடத்தோடு படியேறி, நேரே பால்கனித் தொட்டிக்குச் சரித்தேன். கதவு திறந்திருந்தது. எதிர்வீட்டு அம்மா வாசலில் நின்று பார்த்துவிட்டு, "குடிக்கவே இல்ல, செடிக்காம்மா?" என்றார். திட்டவில்லை, மெதுவாகத்தான் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. அன்றிலிருந்து அரிசி கழுவின தண்ணீரைக்கூட இருட்டிய பிறகுதான் ஊற்றினேன், திருடி மாதிரி. செடி பிழைத்தது. அவர் வீடு மாற்றிப் போய்விட்டார். அதற்கப்புறம் மே மாதத்தில் நான் செடி வாங்கியதே இல்லை.

குன்றத்தூர்க்காரன்:
திருவான்மியூர், அந்தச் செம்பருத்தி என்ன ஆனது?

திருவான்மியூர் பால்கனி:
இருக்கிறது. இப்போது மாவுப்பூச்சி.