நாவல் கட்டுரை: முன்னுரைக்கு மேல நகரவே மாட்டேங்குது, உதவுங்க

துளிர்
திங்கட்கிழமை கட்டுரை கொடுக்கணும். நாவலை ரெண்டு தடவை படிச்சிட்டேன், கதை அத்துப்படி. ஆனா எழுதின வரைவை ஆசிரியர் திருப்பிக் கொடுத்துட்டாங்க. ஓரத்துல "இது கதைச்சுருக்கம், கட்டுரை இல்லை"ன்னு மட்டும் இருக்கு. முன்னுரையை நாலு தடவை மாத்திட்டேன். எப்படித் திட்டம் போடறதுன்னு யாராவது சீக்கிரம் சொல்லுங்க ப்ளீஸ்.

நூலகப்பூனை
எந்த நாவல்?

ஓடைக்கல்
நாவல் எதுன்னு தெரியாமலே ஒண்ணு சொல்லலாம். முன்னுரையை விட்டுடுங்க. நடுப்பத்திகளை முதல்ல எழுதுங்க. நாம என்ன சொல்லப் போறோம்னு நமக்கே தெரியாதப்போ அதுக்கு முன்னுரை எங்கிருந்து வரும்? நான் எழுதின எந்தக் கட்டுரைக்கும் முன்னுரையை முதல்ல எழுதினதில்லை.

தாள்திருத்தி
நாவலின் பெயர் இல்லை, கொடுக்கப்பட்ட கேள்வி இல்லை, எத்தனை சொற்கள் என்பதும் இல்லை. இதே சந்தேகம் இங்கே பலமுறை வந்திருக்கிறது. பழைய இழைகளைத் தேடிப் படிக்கும் பொறுமை யாருக்கும் இல்லை. தம்பி, கேள்வியை ஒரு எழுத்து மாறாமல் இங்கே இடு. மாணவர்கள் மதிப்பெண் இழப்பது நாவல் தெரியாததால் அல்ல, கேள்வியைச் சரியாகப் படிக்காததால்.

கேள்விக்குறி
ஆமா, கேள்வி என்ன? 'எப்படி'ன்னு கேட்டிருக்காங்களா, 'எந்த அளவுக்கு'ன்னு கேட்டிருக்காங்களா? ரெண்டுக்கும் கட்டுரையோட அமைப்பே வேற.

துளிர்
சாரி, அவசரத்துல விட்டுட்டேன். ஜார்ஜ் ஆர்வெல்லோட விலங்குப் பண்ணை (Animal Farm), விலங்குகள் மனுஷ முதலாளியைத் துரத்திட்டுப் பண்ணையைத் தாங்களே நடத்தற கதை. நெப்போலியன் அதுல தலைவனாகிற பன்றி. கேள்வி: "நெப்போலியன் தன் அதிகாரத்தை எவ்வாறு தக்கவைத்துக்கொள்கிறான்?" 800 சொல். (தம்பி இல்லைங்க ஐயா, தங்கச்சி.)

செங்குன்றி
அருமையான நாவல்! இதுக்கு வரலாறு தெரியாம ஒரு வரிகூட எழுத முடியாது. நெப்போலியன்னா சோவியத் தலைவர் ஸ்டாலின், அவனோட போட்டிப் பன்றி ஸ்நோபால்னா ஸ்டாலினோட போட்டியாளர் டிராட்ஸ்கி, குதிரை பாக்ஸர்னா உழைக்கும் வர்க்கம். ஆர்வெல் 1944-லயே எழுதி முடிச்சும் பதிப்பகங்கள் ஒண்ணொண்ணா மறுத்துச்சு. சோவியத் யூனியன் அப்ப பிரிட்டனோட போர்க்கால நட்பு நாடு. 1945 ஆகஸ்ட்லதான் புத்தகமா வந்தது. முன்னுரைல இதை வைங்க, ஆசிரியர் அசந்துடுவாங்க.

கேள்விக்குறி
செங்குன்றி அண்ணா, கேள்வி நெப்போலியனைப் பத்தி, ஸ்டாலினைப் பத்தி இல்ல. 800 சொல்லுல 150-ஐ பதிப்பு வரலாற்றுக்குக் கொடுத்தா மிச்சம் என்ன இருக்கும்?

நூலகப்பூனை
துளிர், உங்க வரைவுல முதல் நடுப்பத்தி எப்படி ஆரம்பிக்குதுன்னு அந்த ஒரு வரியை மட்டும் இங்க போடுங்க. சிக்கல் எங்கன்னு அதுலயே தெரிஞ்சிடும்.

துளிர்
"பழைய மேஜர் இறந்த பிறகு விலங்குகள் புரட்சி செய்து ஜோன்ஸைத் துரத்தின." (மேஜர் புரட்சிக் கனவை விதைச்ச கிழப் பன்றி, ஜோன்ஸ் பண்ணை முதலாளி.) அடுத்த பத்தி "பிறகு நெப்போலியன் நாய்க்குட்டிகளை எடுத்து வளர்த்தான்."

நூலகப்பூனை
இதேதான். ரெண்டு பத்தியும் 'பிறகு'ங்கிற கயித்துல தொங்குது. கதை எந்த வரிசைல போகுதோ அதே வரிசைல நீங்களும் போறீங்க, அதனாலதான் சுருக்கமாயிடுது. பத்தியோட முதல் வரில என்ன நடந்ததுன்னு சொல்லாதீங்க, நீங்க என்ன நினைக்கறீங்கன்னு சொல்லுங்க. நான் பாத்துக்கிற சோதனை ஒண்ணு இருக்கு: அந்த வரியைப் படிச்சிட்டு ஒருத்தர் "இல்லையே, நான் ஒத்துக்கமாட்டேன்"னு சொல்ல முடியணும். "நெப்போலியன் நாய்களை வளர்த்தான்"னா யார் மறுக்கப்போறாங்க? "நெப்போலியனைக் காப்பாத்தினது நாய்களைவிட விலங்குகளோட எழுத்தறியாமைதான்"னு எழுதினா அங்க வாதம் பிறக்குது.

அதுக்கு நாவல்ல சான்று கொட்டிக் கிடக்கு. மூணாவது அத்தியாயத்துல யார் யாருக்கு எவ்வளவு வாசிக்கத் தெரியும்னு ஒரு பகுதி வரும், திரும்பப் படிங்க. பாக்ஸர் நாலாவது எழுத்தைத் தாண்டல. பெண் குதிரை குளோவருக்கு எழுத்தெல்லாம் தெரியும், சொல்லாக் கூட்ட வராது. அதனாலதான் பன்றிகள் படுக்கைல தூங்கறாங்கன்னு தெரிஞ்சதும், எந்த விலங்கும் படுக்கைல தூங்கக்கூடாதுன்னு சுவர்ல எழுதியிருந்த கட்டளையை வாசிச்சுச் சொல்ல முரியல் ஆடு வேண்டியிருக்கு. முரியல் வாசிக்கிறப்போ கட்டளைல விரிப்புங்கிற வார்த்தை கூடியிருக்கு. தனக்குத்தான் ஞாபகம் இல்லன்னு குளோவர் நினைச்சுக்கிறா. சுவர்ல இருக்கிற எழுத்து அவளோட நினைவையே ஜெயிச்சிடுது. இதுதான் பகுப்பாய்வு. மேற்கோள் ஒரு வரி போதும், அதைப் பத்தி மூணு வரி எழுதுங்க.

ஓடைக்கல்
அந்த மாத்தங்களை மட்டும் தனியா ஒரு தாள்ல எழுதி வச்சுப் பாருங்க. படுக்கை, குடி, கொலை, மூணு கட்டளைலயும் முழுசா எதையும் அழிக்கல. வால்ல ரெண்டொரு வார்த்தை சேருது, அவ்வளவுதான். விரிப்போட, அளவுக்கு மீறி, காரணமில்லாம. சட்டத்தை மீறாம சட்டத்தையே வளைக்கறாங்க. எனக்கு இது படிக்கும்போதெல்லாம் நெஞ்சை அடைக்கும்.

தாள்திருத்தி
உணர்ச்சிக்கு மதிப்பெண் கிடையாது. கட்டுரை என்றால் முதலில் முழு வரைபடம்: மையக்கருத்து ஒரு வாக்கியம், அதைத் தாங்கும் மூன்று காரணங்கள், ஒவ்வொன்றுக்கும் அத்தியாய எண்ணோடு இரண்டு சான்றுகள். அதன் பிறகுதான் பேனா. நடுவிலிருந்து எழுதத் தொடங்கச் சொல்வதெல்லாம் ஏற்கெனவே எழுதத் தெரிந்தவர்களுக்கு.

ஓடைக்கல்
ஐயா, அவங்க நாலு முன்னுரை எழுதிக் கிழிச்சிட்டு வந்திருக்காங்க. வரைபடம் போட்டா மட்டும் கருத்து வந்துடுமா? எழுதிப் பாத்தாதான் சிலருக்கு என்ன நினைக்கறோம்னே தெரியும்.

செங்குன்றி
எல்லாரும் நாவலை வெட்டவெளில வச்சுப் பேசறீங்க. கடைசிக் காட்சில பன்றிகளும் மனுஷங்களும் ஒரே மேஜைல உக்காந்து சீட்டாடறது ஸ்டாலினும் மேற்கத்தியத் தலைவர்களும் சந்திச்ச 1943 டெஹ்ரான் மாநாட்டை வச்சு எழுதினதுன்னு ஆர்வெல்லே சொல்லியிருக்கார். இது தெரியாம அந்தக் காட்சியைப் புரிஞ்சுக்க முடியுமா?

கேள்விக்குறி
முடியும். அந்த மாநாட்டோட பேரே கேள்விப்படாத பிள்ளைக்கும் ஜன்னல் வழியாப் பாக்கிற விலங்குகளோட திகைப்பு புரியுது. ஆர்வெல் மனசுல இருந்தது ஒண்ணு, புத்தகத்துல இருக்கிறது இன்னொண்ணு. கட்டுரைக்குச் சான்று புத்தகத்துல இருக்கிறதுதான்.

செங்குன்றி
அப்படின்னா உருவகக் கதைன்னு ஒரு வகையே வேண்டாம்னு சொல்லிடுங்க. எதுக்கு உருவகம்னு தெரியாம உருவகத்தை எப்படிப் படிப்பீங்க?

கேள்விக்குறி
வேண்டாம்னு சொல்லல. 'பாக்ஸர்னா உழைக்கும் வர்க்கம்'னு எழுதி முற்றுப்புள்ளி வச்சா அங்கேயே சிந்தனை நின்னுடுதுன்னு சொல்றேன். ஸ்நோபால் துரோகின்னு ஏழாவது அத்தியாயத்துல நெப்போலியனுக்காகப் பேசற பன்றி ஸ்க்வீலர் சொல்றப்போ பாக்ஸர் முதல்ல ஒத்துக்கறதில்ல, ஜோன்ஸை எதிர்த்த மாட்டுக்கொட்டகைப் போர்ல ஸ்நோபால் நல்லாத்தானே சண்டை போட்டான்னு வாதாடறான். நெப்போலியன் சொன்னார்னு கேட்டதும்தான் அடங்கறான். இது வர்க்கம்னு ஒரு சொல்லுக்குள்ள அடங்குமா?

செங்குன்றி
அது நல்ல இடம், ஒத்துக்கறேன். ஆனா வரலாறே தேவையில்லங்கிறதை ஒத்துக்கமாட்டேன்.

மணல்கடிகாரம்
கேட்டவங்களை மறந்துட்டோம். துளிர், நூலகப்பூனை சொன்ன கருத்தை எடுத்தா ஒரு மறுப்பு கண்டிப்பா வரும், அதுக்கு நீங்களே பதில் வச்சிருக்கணும். ஸ்நோபாலைத் துரத்தினது நாய்கள்தான், பேச்சு இல்ல. அஞ்சாவது அத்தியாயக் கடைசில ஸ்க்வீலர் இனிக்க இனிக்கப் பேசறான், ஆனா கூடவே மூணு நாய் உறுமிட்டு இருக்கு. விலங்குகள் வாயை மூடினது பேச்சாலயா உறுமலாலயா? இந்த ஒரு வாக்கியத்தை விட்டுட்டு எழுதினா கட்டுரைல ஓட்டை. இதை நேரா எதிர்கொண்டா அதுதான் உங்க சிறந்த பத்தி.

இன்னொண்ணு, பெஞ்சமின் கழுதை. பன்றிகள் அளவுக்கு வாசிக்கத் தெரிஞ்சவன், வாசிக்கமாட்டான். எட்டாவது அத்தியாயத்துல குளோவர் கேட்டும் மறுக்கறான். ஒன்பதாவதுல பாக்ஸரைக் கொல்ல ஏத்திட்டுப் போற வண்டில இருக்கிற எழுத்தை உரக்க வாசிக்கறான், அதுக்குள்ள எல்லாம் கைமீறிப் போச்சு. எழுத்தறியாமை மட்டும்தான் காரணம்னா இவனை எங்க வைப்பீங்க?

தாள்திருத்தி
இது பயனுள்ள குறிப்பு. தங்கச்சி, மணல்கடிகாரம் சொன்ன இரண்டையும் உன் வரைபடத்தில் மூன்றாவது காரணத்தின் கீழ் வை. முடிவுரையில் புதுச் சான்று எதுவும் கொண்டுவராதே.

ஓடைக்கல்
துளிர், இருக்கீங்களா? எந்தப் பத்தியாவது எழுதியிருந்தா போடுங்க, பாக்கறோம்.

கேள்விக்குறி
ரெண்டு நாளா ஆளைக் காணோம்.

துளிர்
எல்லாருக்கும் நன்றி, கொடுத்துட்டேன். பெஞ்சமினை வச்சே முழுக் கட்டுரையையும் மாத்திட்டேன். தெரிஞ்சவங்க பேசாம இருந்ததும் நெப்போலியனுக்கு உதவிச்சுன்னு. முன்னுரையைக் கடைசிலதான் எழுதினேன், ஆறே வரி. மார்க் இன்னும் வரல.

மணல்கடிகாரம்
ரொம்ப சந்தோஷம். நாய்களை எங்க வச்சீங்க?